சி.என்.சி. ஆபரேட்டர் 4 பேர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு 1: ஆளைச் சோதித்து எடுப்பது எப்படி?

#1 குறிச்சி லேத்

வணக்கமுங்க. கோவை பக்கம் ஜாப் ஒர்க் யூனிட், மத்த கம்பெனிகளுக்குப் பாகம் செஞ்சு கொடுக்கறோம். மொத்தம் 26 பேர். வால்வு பாகம், ஷாஃப்ட், புஷ் மாதிரி டர்னிங் வேலைதான் முக்காவாசி. ரெண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கறோம். சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டற லேத்) டர்னிங்குக்கு நாலு ஆபரேட்டர், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒருத்தர் வேணும். மெஷினோட கண்ட்ரோல் ஃபானக் கம்பெனியோடது. கேட்ல போர்டு மாட்டினா ஆள் வருது. பேசும்போது எல்லாருக்கும் எல்லாம் தெரியுது, மெஷின் முன்னாடி நிறுத்தினாத்தான் சாயம் வெளுக்குது. முறையா எடுக்கறதுன்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்? சம்பளம் 20,000 வரைக்கும் மனசுல இருக்கு.

#2 ஹெச்.ஆர். மல்லி

போர்டு மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குங்க. உங்களுக்கு வேண்டியது ஆபரேட்டரா, செட்டரா? இதை முடிவு பண்ணாம ஆள் தேடறதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம்.

ஆபரேட்டர்னா ஜாப் மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கி, அளந்து, வேர் ஆஃப்செட் (டூல் தேயறதுக்கு ஏத்தபடி மெஷின்ல போடற சின்னத் திருத்தம்) திருத்தி, இன்சர்ட் (வெட்டற முனை) மாத்தத் தெரிஞ்சவர். செட்டர்னா சாஃப்ட் ஜா (ஜாபைப் பிடிக்கற தாடை) போர் பண்ணி, டூல் டச் எடுத்து, ஒர்க் ஆஃப்செட் வெச்சு (டூலும் ஜாபும் இருக்கற இடத்தை மெஷினுக்குச் சொல்லி), முதல் பீஸ் ஓகே வாங்கற வரைக்கும் தனியா நிக்கறவர். ரெண்டு பேருக்கும் சம்பளமும் வேற, சந்தையும் வேற. "ஆபரேட்டர் தேவை"ன்னு போர்டு போட்டு, உள்ளே வந்தவரை ராத்திரி ஷிஃப்ட்ல தனியா விட்டு செட்டிங் மாத்தச் சொன்னா, அவர் பொய் சொன்ன மாதிரித்தான் தெரியும். உண்மையில கேட்டது தப்பு.

ஒரே ஒரு தாள் எடுத்து எழுதுங்க: எந்த மெஷின், என்ன மெட்டீரியல், உங்க டிராயிங்ல வர்ற ஆக இறுக்கமான டாலரன்ஸ் (அனுமதிச்ச அளவு வித்தியாசம்) எவ்வளவு, ஒரு செட்டிங்ல எத்தனை பீஸ் ஓடும், ராத்திரி செட்டர் இருப்பாரா மாட்டாரா. அதுல "முதல் நாளே தெரிஞ்சிருக்கணும்", "மூணு மாசத்துல கத்துக்கொடுக்கலாம்" இப்படி ரெண்டா பிரிச்சிடுங்க. டெஸ்ட்டும் கேள்வியும் முதல் பாதியில இருந்து மட்டும்தான் வரணும்.

போர்டுல ஷிஃப்ட் நேரம், கைக்கு வர்ற சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டு, வாரத்துல எந்த நாள் லீவு, பஸ் ஸ்டாப்புல இருந்து எவ்வளவு தூரம், இவ்வளவும் போடுங்க. "சம்பளம் தகுதிக்கேற்ப"ன்னு எழுதினா நல்ல வேலையில இருக்கற ஆள் ஒரு நாள் லீவு போட்டுட்டு வரமாட்டார்.

#3 பஞ்சப்படி

சம்பளத்தில்தான் சேர்ந்த முதல் மாதமே ஆள் கோபித்துக்கொண்டு போகிறார். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மொத்தச் சம்பளம் 20,000. அதில் அடிப்படை + பஞ்சப்படி 15,000, மீதி 5,000 வீட்டு வாடகைப்படி என்று வையுங்கள்.

தொழிலாளி பிடித்தம்: பி.எஃப். 15,000-க்கு 12% = 1,800. ஈ.எஸ்.ஐ., முழுச் சம்பளத்துக்கும் போடும் பழைய முறைப்படி, 20,000-க்கு 0.75% = 150. கைக்கு 18,050. தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனி.

உங்கள் பங்கு: பி.எஃப். 12% = 1,800, அதோடு காப்பீடு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஆக 1,950. ஈ.எஸ்.ஐ. 3.25% = 650. ஆக உங்களுக்கு அந்த ஆள் விலை 22,600. போனஸ், பணிக்கொடை இதில் சேரவில்லை.

22,600, 20,000, 18,050 என்று மூன்று எண்கள். போர்டில் முதல் எண், பேச்சில் இரண்டாவது எண், வங்கிக் கணக்கில் மூன்றாவது எண் என்று வந்தால் ஏமாற்றியதாகவே நினைப்பார்கள். மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி நேர்காணல் அன்றே கையில் கொடுங்கள்.

அடிப்படையைக் குறைத்துப் படிகளை ஏற்றி பி.எஃப். மிச்சம் பிடிக்கும் பழைய வித்தை இனி ஓடாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நியமனக் கடிதம் எல்லோருக்கும் கட்டாயம் என்பதும் அதில்தான் வருகிறது.

ஓவர்டைம் இருக்கிறதென்றால் விகிதத்தையும் எழுதுங்கள். இரட்டைச் சம்பளம். 20,000-ஐ 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு 96 ரூபாய் சொச்சம், இரட்டித்தால் 192. பழைய ஈ.எஸ்.ஐ. சட்டப்படி ஓவர்டைம் பணத்துக்கும் ஈ.எஸ்.ஐ. பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஈ.எஸ்.ஐ.-யில் சேர்வதற்கான 21,000 சம்பள உச்சவரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத அக்கவுண்டன்ட் அபூர்வம்.

#4 கருவி அறை

டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு பகுதி, மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும்.

முதல் பகுதி அளவெடுப்பு. எட்டு பீஸை முன்கூட்டியே காலிப்ரேட் பண்ணின மைக்ரோமீட்டர்ல அளந்து நம்பர் குத்தி, அளவை எழுதிப் பூட்டி வெச்சுக்கங்க. அதுல ஒண்ணு ஓவலா இருக்கட்டும், ஒண்ணுல டேப்பர் (ஒரு முனை டயா கூட, மறுமுனை குறைவு) இருக்கட்டும். ஒரே இடத்துல ஒரே தடவை அளந்து எழுதறவரும், பீஸைத் திருப்பி ரெண்டு மூணு இடத்துல பிடிச்சுப் பார்க்கறவரும் இங்கேயே பிரிஞ்சிடுவாங்க. மைக்ரோமீட்டர் ரீடிங் 0.01 மி.மீ.க்குள்ள, வெர்னியர்னா 0.02-க்குள்ள வரணும். கொடுக்கற 0-25 மைக்ரோமீட்டர்ல வேணும்னே கொஞ்சம் ஜீரோ எரர் வெச்சிடுங்க. அளக்கறதுக்கு முன்னாடி மைக்ரோமீட்டர் முகத்தைத் துடைச்சு மூடி ஜீரோ பார்க்கறாரா? பார்க்கறவருக்குத் தனி மார்க்.

ரெண்டாவது பகுதி மெஷின். 50 மி.மீ. ஈ.என்.8 ஸ்டீல் பார். டிராயிங்ல டயா 48 சின்ன எச்7 (h7), நீளம் 30, முனையில 1 மி.மீ. சேம்ஃபர் (சாய்வு). அதாவது 48.000-க்கு மேல போகக்கூடாது, 47.975-க்குக் கீழ இறங்கக்கூடாது. புரோகிராம் உங்க செட்டரே போட்டு வெச்சிடட்டும். வேர் ஆஃப்செட்ல மட்டும் எக்ஸ் (டயா) 0.06-ன்னு விட்டு வைங்க. முதல் பீஸ் 48.06 வரும். இனிமே ஆளோட வேலை.

இதுல பார்க்க வேண்டியது நாலு.

48.06-ல இருந்து 0.06 குறைச்சா சரியா 48.000 வரும். டாலரன்ஸோட மேல் விளிம்பு அது. இன்சர்ட் தேயத் தேய டயா ஏறும், பத்தாவது பீஸ் ஓவர்சைஸ். நடு டாலரன்ஸ் 47.988-ன்னு கணக்குப் போட்டு 0.072 குறைக்கறவர்தான் வேலை தெரிஞ்சவர்.

அடுத்தது, ஏற்கெனவே ஆஃப்செட்ல 0.06 இருக்கறதைப் பார்க்காம மைனஸ் 0.072 அடிச்சு "இன்புட்" அமுக்கினா, பழைய மதிப்பு அழிஞ்சு மொத்த மாற்றம் 0.132 ஆயிடும். அடுத்த பீஸ் 47.928, ஸ்கிராப். "பிளஸ் இன்புட்" அமுக்கணும். அஞ்சு வருஷம் ஓட்டினேன்னு சொல்றவரும் இங்க தடுமாறினார்னா, அந்த அஞ்சு வருஷமும் ஆஃப்செட் போட்டது வேற யாரோ.

மூணாவது, திருத்தினப்புறம் முதல் சைக்கிளை சிங்கிள் பிளாக்ல (புரோகிராமை ஒவ்வொரு வரியா), ரேபிட் (வேக நகர்வு) குறைச்சு ஓட்டறாரா.

நாலாவது சேஃப்டி. க்ளவுஸ் போட்டுட்டு சுத்தற ஜாப் பக்கம் கை கொண்டுபோனா, சிப்பைக் கையால இழுத்தா, அங்கேயே டெஸ்ட்டை நிறுத்திடுங்க. மத்த மார்க் எவ்வளவு இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

டெஸ்ட் எழுத வந்தவர் உங்க தொழிலாளி இல்ல, அடிபட்டா ஈ.எஸ்.ஐ. வராது. அதனால உங்க செட்டர் ஃபீட் ஹோல்டு (டூல் நகர்றதை நிறுத்தற பட்டன்) பக்கத்துலயே நிக்கணும். அப்புறம், டெஸ்ட்டுன்னு சொல்லி கஸ்டமர் பீஸை நாள் முழுக்க ஓட்ட வைக்கற வேலை வேண்டாம். ஊர் முழுக்கப் பேர் கெட்டுடும்.

#5 நேரா பேசு

இவ்வளவு தேவையாங்க? பத்து நிமிஷம் பேசினா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். கையைப் பார்த்தாலே மெஷின்ல நின்னவரா, சும்மா சுத்தினவரான்னு சொல்லிடலாம். வருஷ அனுபவம் இருக்கறவரை எடுத்தாப் போதும். கூலன்ட் நாத்தம் பழகின ஆளுக்கு டெஸ்ட் வெச்சா அவமானமா நினைப்பார்.

#6 ஹெச்.ஆர். மல்லி

அவமானமா நினைக்காம இருக்க வழி இருக்குங்க. "எல்லாருக்கும் இதே டெஸ்ட், எங்க செட்டரும் இதைச் செஞ்சுதான் வந்தார்"னு முதல்லயே சொல்லிடணும். பஸ் காசும் டீயும் கொடுங்க.

பேசினாத் தெரிஞ்சிடும்ங்கறதுக்கு ஆராய்ச்சி எதிராத்தான் இருக்கு. ஷ்மிட், ஹன்டர் ரெண்டு பேரும் 1998-ல 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்தாங்க. 2022-ல சாக்கெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கணக்கையே திருத்திப் போட்டாங்க. திருத்தின கணக்குல, கேள்வியும் மதிப்பெண்ணும் முன்கூட்டியே வகுத்து நடத்தற நேர்காணலுக்கும் பின்னால வேலையில காட்டற திறமைக்கும் உள்ள தொடர்பு 0.42. வேலை அறிவுத் தேர்வு 0.40. வேலை மாதிரிச் சோதனை 0.33. வாய்க்கு வந்ததைக் கேட்கற நேர்காணல் 0.19. எத்தனை வருஷ அனுபவம்ங்கறது இதுக்கெல்லாம் ரொம்பக் கீழ. இது சதவீதம் இல்லைங்க, ஒட்டுறவுக் கெழு. ஒண்ணுன்னா முழுப் பொருத்தம், சுழின்னா சம்பந்தமே இல்லை. எந்த முறையும் ஜோசியம் இல்ல. ஆனா 0.19-ஐ மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டியதும் இல்ல.

உங்களுக்கு அஞ்சு கேள்வி போதும். எல்லாருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. ஒவ்வொண்ணுக்கும் 1, 3, 5 மார்க்குக்கு எந்தப் பதில்னு முன்னாடியே எழுதி வைக்கணும். உதாரணத்துக்கு:

"ராத்திரி ரெண்டு மணி. 40 பீஸ் ஓடிடுச்சு. 41-வதை அளக்கறீங்க, போர் (உள் துளை) 0.03 கூடியிருக்கு. என்ன பண்ணுவீங்க?"

1 மார்க்: ஆஃப்செட் திருத்திட்டு ஓட்டுவேன்.
3 மார்க்: மெஷினை நிறுத்தி இன்சர்ட் பார்ப்பேன், செட்டரைக் கூப்பிடுவேன்.
5 மார்க்: மெஷினை நிறுத்துவேன். கடைசியா ஓகேன்னு அளந்த பீஸ் எதுன்னு பார்த்து, அதுக்கப்புறம் ஓடின எல்லாத்தையும் தனியா எடுத்து டேக் போடுவேன். அப்புறம்தான் காரணம் தேடுவேன்.

மெஷினைத் திருத்தறது எல்லாருக்கும் தோணும். ஏற்கெனவே ஓடின 40 பீஸ் ஞாபகம் வர்றவர்தான் உங்களுக்கு வேணும்.

கேட்கறது ரெண்டு பேரா இருக்கட்டும், ஒருத்தர் கட்டாயம் மெஷின் தெரிஞ்சவர். ஆள் வெளிய போனதும் பேசிக்காம தனித்தனியா மார்க் போட்டுட்டுத்தான் வாயைத் திறக்கணும். முதலாளி முதல்ல "நல்ல பையன்"னு சொல்லிட்டார்னா மத்தவர் பேனா தானா 5 போடும்.

#7 நேரா பேசு

கெழுவை விடுங்க. அந்த 40 பீஸ் கேள்வி நல்ல கேள்வி, அதை ஒத்துக்கறேன்.

#8 ஐ.டி.ஐ. வாத்தியார்

ஆள் எங்கே கிடைப்பார் என்பதை யாரும் தொடவில்லை. கேட் போர்டுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்தப் பேட்டையில் சுற்றிக்கொண்டிருப்பவர்கள். பக்கத்து ஷெட்டில் 500 ரூபாய் அதிகம் என்றால் அங்கே போவார்கள்.

ஐ.டி.ஐ.-யில் டர்னர், மெஷினிஸ்ட் இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. பயிற்சி அதிகாரியை நேரில் போய்ப் பாருங்கள். தேர்வு முடிந்த பிறகு போவதில் பயனில்லை, இறுதியாண்டு நடக்கும்போதே போக வேண்டும். பெரிய கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வந்து போன பிறகும் கை நன்றாக இருக்கும் மாணவர்கள் மிஞ்சியிருப்பார்கள். ஆங்கிலம் வராது, நேர்காணலில் வாய் திறக்காது, அவ்வளவுதான். உங்கள் டெஸ்ட் இவர்களுக்குத்தான் சாதகம்.

தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையதளத்தில் கம்பெனியைப் பதிந்தால் கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் முகாம்களுக்கும் அங்கிருந்தே போகலாம். பெரிய முகாமில் கூட்டம்தான் அதிகம், மையத்திலேயே நடக்கும் சிறிய முகாம் உங்களுக்கு ஏற்றது.

அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) பற்றியும் யோசியுங்கள். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் மொத்த ஆளில் 2.5% முதல் 15% வரை அப்ரன்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 வரை இருந்தால் உங்கள் விருப்பம். நீங்கள் 26-ல் இருக்கிறீர்கள், ஐந்து பேர் சேர்ந்தால் 31. ஒப்பந்தத் தொழிலாளரும் இந்தக் கணக்கில் சேர்த்தி. ஆக இந்தச் சுற்றிலேயே ஒருவரை அப்ரன்டிஸாக எடுத்துவிடுவது நல்லது. தேசிய அப்ரன்டிஸ் திட்டத்தில் உதவித்தொகையில் 25%, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு தருகிறது. ஒப்பந்தத்தை அப்ரன்டிஸ் இணையதளத்தில் ஏற்றாமல் வாய்ப்பேச்சில் "அப்ரன்டிஸ்" என்று வைத்துக்கொண்டால், ஆய்வுக்கு வரும் அதிகாரி கணக்கில் அவர் சாதாரணத் தொழிலாளி. பி.எஃப்., குறைந்தபட்சச் சம்பளம் எல்லாம் கேட்பார்கள்.

#9 குறிச்சி லேத்

ரொம்ப நன்றிங்க. 31 கணக்கு சுத்தமா யோசிக்கவே இல்ல. இன்னும் மூணு சந்தேகம். இன்ஸ்பெக்‌ஷன் ஆளுக்கு என்ன டெஸ்ட்? நம்ம ஆட்களே சொந்தக்காரப் பசங்களைக் கூட்டிட்டு வர்றேங்கறாங்க, எடுக்கலாமா? பேட்டையில நிறைய பேர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்கறாங்க, அப்படிச் செஞ்சா ஆள் ஓடமாட்டாங்களா?

#10 கருவி அறை

இன்ஸ்பெக்டருக்கு அளவு டெஸ்ட் அதேதான், கொஞ்சம் கூட்டிக்கணும். போர் டயல் கேஜைக் (துளை அளக்கற கருவி) கழட்டிக் கொடுத்து 25 மி.மீ.க்கு செட் பண்ணச் சொல்லுங்க. மைக்ரோமீட்டரை லாக் பண்ணி அதுக்கு நடுவுல வெச்சு ஜீரோ பண்ணலாம், ரிங் கேஜ் இருந்தா அதுல பண்ணலாம். எப்படிப் பண்றார்ங்கறதை விட, பண்ணிட்டு ரெண்டாவது தடவை சரிபார்க்கறாராங்கறதைப் பாருங்க.

அப்புறம் ஒரு டெஸ்ட், செலவே இல்லாதது. 20 பீஸ் எடுங்க. அதுல சிலது பர் (விளிம்புல பிசிறு) இருக்கறது, சிலது கீறல், சிலது பிளக் கேஜோட நோ-கோ முனை (துளைக்குள்ள போகக் கூடாத முனை) உள்ள போறது, மீதி நல்லது. அளவு விளிம்புல நிக்கறதும் ரெண்டு மூணு இருக்கட்டும். ஓகே, ரிஜெக்ட்னு பிரிக்கச் சொல்லுங்க. அரை மணி நேரம் வேற வேலை கொடுத்துட்டு, அதே 20-ஐக் கலைச்சு மறுபடி கொடுங்க. முதல் தடவை ரிஜெக்ட் பண்ணினதை ரெண்டாவது தடவை பாஸ் பண்றாரா? அந்த ஆள் உங்க கஸ்டமர்கிட்ட இருந்து டெபிட் நோட் (பில்லுல பணம் பிடிக்கற சீட்டு) வாங்கித் தருவார். கிட்டப்பார்வையையும் சோதிங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு பார்க்கறதுல தப்பே இல்ல, வேணும்ங்கற ஆள் போடாம இருக்கறதுதான் தப்பு.

இவருக்கு வாய்க் கேள்வி ஒண்ணே ஒண்ணு முக்கியம். "வண்டி நிக்குது. 200 பீஸ்ல மூணு பீஸ் 0.01 கூட. சூப்பர்வைசர் பாஸ் பண்ணச் சொல்றார்." முடியாதுன்னு மட்டும் சொன்னா 3. மூணையும் ஒதுக்கி வெச்சுட்டு 197-ஐ அனுப்புவேன், அந்த மூணுக்கு கஸ்டமர்கிட்ட எழுத்துல அனுமதி கேட்கச் சொல்வேன்னா 5.

#11 நேரா பேசு

சொந்தக்காரப் பசங்களைத் தாராளமா எடுங்க. கூட்டிட்டு வந்தவருக்குப் பொறுப்பு இருக்கும். ஒழுங்கா வரலைன்னா வீட்டுலயே கேட்பாங்க.

#12 ஹெச்.ஆர். மல்லி

எடுக்கலாம், மூணு கண்டிஷனோட. கூட்டிட்டு வந்தாலும் அதே டெஸ்ட், அதே மார்க். கூட்டிட்டு வந்தவர் மார்க் போடற இடத்துல இருக்கக் கூடாது. ஒரே குடும்பம், ஒரே ஊர் ஆட்கள் ஒரே ஷிஃப்ட்ல குவியக் கூடாது, ஒரு கல்யாணம், ஒரு கோயில் நோம்பின்னா ஷிஃப்டே காலியாயிடும். சண்டைன்னாலும் மொத்தமா போவாங்க. கூட்டிட்டு வந்ததுக்குப் பணம் தர்றதா இருந்தா பாதி மூணு மாசம் கழிச்சு, மீதி ஆறு மாசம் கழிச்சு. சேர்ந்த அன்னைக்கே முழுசா கொடுத்தா ஆள் சப்ளை பண்றதே தொழிலாயிடும்.

ஒரிஜினல் சர்டிஃபிகேட் வாங்கி வைக்கவே வேண்டாம். பார்த்து, ஜெராக்ஸ்ல "அசலுடன் சரிபார்த்தேன்"னு தேதி போட்டுக் கையெழுத்து வெச்சு, அசலைக் கையோட திருப்பிக் கொடுங்க. பிடிச்சு வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. போகணும்னு முடிவு பண்ணின ஆள் போலீஸ் ஸ்டேஷன் வழியா வாங்கிட்டுப் போவார். நல்ல ஆள் அந்த நிபந்தனையைக் கேட்டதுமே வெளிய போயிடுவார். மிஞ்சறது வேற வழியில்லாதவர் மட்டும்தான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பெண்களும் வருவாங்க, டிப்ளமோ முடிச்சவங்க நிறைய. "கல்யாணம் எப்ப, குழந்தை இருக்கா"ன்னு கேட்காதீங்க. ஆள் எடுக்கறதுல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 1976 சம ஊதியச் சட்டத்துலயே இருந்தது, இப்போ ஊதியத் தொகுப்புலயும் இருக்கு. உங்களுக்கு நிஜமா தெரிய வேண்டியது ஷிஃப்ட் ஒத்துவருமான்னுதான். அதை ஆண்கள்கிட்டயும் அப்படியே கேளுங்க. பெண்களை ராத்திரி ஷிஃப்ட் போடறதா இருந்தா எழுத்துல சம்மதம், போக வர வண்டி, பாதுகாப்பு ஏற்பாடு, இதெல்லாம் முன்னாடியே தயாரா இருக்கணும்.

#13 பஞ்சப்படி

அனுபவச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. லெட்டர்பேடில் யார் வேண்டுமானாலும் அடித்துக் கொடுக்கலாம். பி.எஃப். எண் வைத்திருப்பவரிடம், அவரது போனிலேயே பணி வரலாற்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் அதில் வரும். பாஸ்வேர்டை வாங்காதீர்கள், அவர் காட்டினால் போதும். அதில் இல்லை என்பதற்காகப் பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம். 20 பேருக்குக் குறைவான ஷெட்டில் பி.எஃப். இருந்திருக்காது.

சேரும் நாளில் கழுத்தை அறுப்பது பெயர்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் "செல்வம் மு", ஆதாரில் "செல்வம் முருகேசன்", வங்கியில் வெறும் "செல்வம்". மூன்றும் மூன்று ஆள் என்று கணினி நினைக்கும், பி.எஃப். கேஒய்சி நின்றுவிடும். தேர்ந்தெடுத்த அன்றே, சேருவதற்கு முன்பே, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆதாரைத் திருத்த நாளாகும். பிறந்த தேதியையும் பாருங்கள்.

முதல் முறை பி.எஃப். சேருபவருக்கு எண்ணை உமாங் செயலியில் அவர் முகத்தைக் காட்டி எடுக்க வேண்டும், நீங்கள் ஆபீசில் உட்கார்ந்து எடுக்க முடியாது. ஏற்கெனவே எண் இருக்கிறது என்றால் புது எண் எடுக்கவே கூடாது. பழைய கம்பெனி விலகிய தேதி போடவில்லை என்றால், கடைசி மாதச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே போட்டுக்கொள்ளலாம். ஈ.எஸ்.ஐ. எண்ணும் ஆளுக்கு ஒன்றுதான், பழையதையே கேட்டு வாங்குங்கள். புதியவர் என்றால் 10 நாளுக்குள் பதிய வேண்டும். மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, நடுவில் விரல் நசுங்கிய பிறகு பதிவு செய்தால் விசாரணை வரும்.

#14 குறிச்சி லேத்

செலெக்ட் ஆனவங்க "திங்கக்கிழமை வர்றேங்க"ன்னு சொல்லிட்டு வராம இருக்கறதுக்கு என்ன பண்றது?

#15 ஹெச்.ஆர். மல்லி

டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கே, முடிஞ்சா மறுநாளுக்குள்ள, முடிவைச் சொல்லிடுங்க. ஒரு வாரம் கழிச்சு போன் பண்ணினா அவர் வேற ஷெட்ல நின்னுட்டிருப்பார். நியமனக் கடிதத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க: சம்பளப் பிரிவு, ஷிஃப்ட், சேர்ற தேதி, யாரைப் பார்க்கணும். சேர்றதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஹெச்.ஆர். இல்ல, அவர் யார்கிட்ட வேலை பார்க்கப் போறாரோ அந்த சூப்பர்வைசர் போன் பண்ணட்டும். நாலு பேர் வேணும்னா ஆறு பேரை வரிசைப்படுத்தி வைங்க. அஞ்சாவது, ஆறாவது ஆள்கிட்ட "வெயிட்டிங்ல இருக்கீங்க, புதன்கிழமைக்குள்ள சொல்லிடறோம்"னு உண்மையைச் சொல்லுங்க. புதன்கிழமை கட்டாயம் சொல்லிடுங்க, இல்லைன்னாலும்.

எடுக்காதவங்களுக்கும் ஒரு மெசேஜ் போடுங்க. மைக்ரோமீட்டர்ல மட்டும் தடுமாறினவருக்கு அதைச் சொன்னா, மூணு மாசம் கழிச்சுப் பழகிட்டு வருவார்.

#16 கருவி அறை

சேர்ந்த முதல் வாரம் ராத்திரி ஷிஃப்ட் போட்டுடாதீங்க. பகல்ல உங்க பழைய ஆபரேட்டர் பக்கத்துல அஞ்சு நாள். ஆறாவது நாள் அந்த 48 டயா டெஸ்ட்டை மறுபடி கொடுங்க, இந்தத் தடவை உங்க சொந்த ஜாப்ல. ரிசல்ட்டை முதல் டெஸ்ட் தாளோட பின் பண்ணி வைங்க. ஒரு வருஷம் கழிச்சு அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தா, எந்தக் கேள்வி ஆளைச் சரியாப் பிரிச்சுது, எது சும்மா கேட்டதுன்னு தெரியும்.

#17 குறிச்சி லேத்

எட்டு பீஸுக்கு நம்பர் குத்த ஆரம்பிச்சாச்சு. ஓவலா ஒண்ணு வேணும்னீங்களே, வேணும்னே பண்றது எப்படிங்க?

#18 கருவி அறை

மெல்லிசான புஷ் ஒண்ணை மூணு ஜா சக்ல ரொம்ப இறுக்கிப் பிடிச்சு போர் பண்ணிட்டு லூஸ் பண்ணுங்க. ஆனா அது மூணு மூலையாத்தான் வரும், ரெண்டு பக்கம் பிடிக்கற மைக்ரோமீட்டர்ல எங்க அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டும். அதனால டெஸ்ட்டுக்கு அது ஆகாது. வைஸ்ல மெல்லிசான புஷ்ஷை லேசா அமுக்கி எடுங்க, 0.05 ஓவல் வந்தா போதும்.

#19 குறிச்சி லேத்

வைஸ்லயே பண்ணிடறேன். அந்த மூணு மூலை புஷ்ஷை இன்ஸ்பெக்டர் டெஸ்ட்டுக்கு வெச்சுக்கறேங்க.

#20 கருவி அறை

பிளக் கேஜையும் வி-பிளாக்கையும் டயலையும் கூடவே டேபிள்ல வைங்க. எதை எடுக்கறார்னு பாருங்க.